அமாவாசைக்கு ஆகாத கார்

போன மாதம் லீவு போட்டிருந்த ஒரு புதன்கிழமை மத்தியானம், நாசி கண்டார் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வரலாம் என்று சூலியா தெருவுக்குப் போனேன். கையில் மீன் தலைக் கறிப் பொட்டலம், மண்டைக்கு மேல் பினாங்கு வெயில், காரை நிறுத்திய இடமோ நாலு தெரு தள்ளி. முணுமுணுத்துக்கொண்டே நடக்கும்போது ஒரு வாசனை வந்து மூக்கில் இடித்தது. வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டு, பெட்ரோல், அடியில் எங்கேயோ லேசாக ஏலக்காய். கையிலிருந்த கறியின் வாசனையையே அது அமுக்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் சேர்ந்த வாசனை உலகத்தில் ஒரே ஒரு காரில்தான் உண்டு.

திரும்பிப் பார்த்தேன். அதேதான். வட்டக் கண், உப்பிய கன்னம், பால் கொஞ்சம் கூடிப்போன தே தாரேக் டீயின் நிறம், இடது பக்கக் கதவில் அதே நசுங்கல். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த கார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், பாவம், அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். கண்ணாடிக்குள் ஓர் அட்டை. மலாயில் விற்பனைக்கு என்று எழுதி, அதன் கீழே தமிழில் பொடி எழுத்தில் 'ஓட்டுறவங்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தில் வந்த ஸ்டோர் சீட்டுகளைப் பதினொரு வருஷம் டைப் அடித்திருக்கிறேன். காதர் அண்ணே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. டயர் பஞ்சரானால் வீட்டுக்காரருக்குப் போன் போடுகிற ஜாதி நான். ஆனாலும் அன்றைக்கு அந்த வெயிலில் நின்றபடி, இதை நாமே வாங்கித் தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றியது என்றா சொன்னேன்? பிடித்து ஆட்டிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் வரக்கூடாத ஆசை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். என் வீட்டுக்காரர் மீன் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏர்கோன் இருக்கா?"

"இல்ல."

"பவர் ஸ்டீயரிங்?"

"இல்ல."

"அப்ப என்னதான்லா இருக்கு அந்தக் காடில?"

காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். "வாசனை இருக்கு" என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மீன் தலையை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வயதில் மாக் மண்டினில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு தீவில், பர்மா ரோட்டுக்குப் பின்னால், நானும் அம்மாவும். வேலை கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர்தான் காதர் அண்ணே. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், சூலியா தெருவில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தார். காலையில் அவர் காரில் நான், பேக்கிங்கில் வேலை செய்த மீனாட்சி அக்கா, அவர். அக்காவுக்குக் காரில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும், அதனால் முன் சீட்டு அக்காவுக்கு. சிகரெட் சாம்பல் தட்டும் சின்ன டப்பாவில் அக்காவுக்காக எப்போதும் நாலைந்து ஏலக்காய் கிடக்கும். காதர் அண்ணே சிகரெட் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

கடலைத் தாண்டும் பாலம் அப்போதே இருந்தது. ஆனால் காதர் அண்ணே பாலத்தில் போக மாட்டார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, கார் ஏறாது. பத்து நிமிஷம் விடாமல் ஓடினால் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் தினமும் கார் ஏற்றுகிற ஃபெரிதான். ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டி வரைக்கும் பத்து நிமிஷம், ஃபெரியில் எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம், இறங்கி மாக் மண்டின் வரைக்கும் இன்னொரு பத்து நிமிஷம். ஃபெரியில் ஏறி நின்றதும் அவர் முதலில் செய்வது, இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து வைப்பதுதான். கடல் காற்று நேராக எஞ்சினுக்குள் போகும். எங்கள் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை எஞ்சின் மேல் வைத்துச் சுடவைத்துக்கொள்வோம். அதிலிருக்கும் மிளகாய்ச் சம்பலில் கொஞ்சம் பெட்ரோல் ருசி இருக்கும். அது இல்லாத நாசி லெமாக் இன்றைக்கும் எனக்கு என்னவோ போலத்தான் இருக்கிறது.

"பாதி வழியில படுத்துத் தூங்க விடுற ரோடு உலகத்துல வேற எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?" என்பார் காதர் அண்ணே. கார் தூங்குவதைத்தான் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. ஜெட்டியில் ஃபெரியையும் கரையையும் சேர்க்கிற இரும்புத் தளம் ஒன்று உண்டு. தண்ணீர் ஏறியிருந்தால் அது வீட்டுக்கூடம் மாதிரி சமமாகக் கிடக்கும். தண்ணீர் வற்றினால் ஃபெரியும் தாழ்ந்துவிடும், கரைக்குப் போக மேடு ஏற வேண்டும். அமாவாசை, பௌர்ணமி என்றால் காலை ஏழு மணி வாக்கில் கடல் நன்றாக வற்றிக் கிடக்கும். நாங்கள் அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில் இறங்குகிற நேரமும் சரியாக அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த மேட்டைப் பார்த்துவிட்டேன். கார் பாதி ஏறியது, இருமியது, நின்றது. பின்னால் முப்பது கார், இரண்டு லாரி. அத்தனை ஹார்னும் என் முதுகில். "தங்கச்சி, கொஞ்சம் எறங்குறியா?" என்றார் அண்ணே, ஏதோ தண்ணீர் கேட்கிற மாதிரி. வேலைக்கென்று தைத்த புது பஞ்சாபி சூட்டில் நானும், வாயில் ஏலக்காயோடு மீனாட்சி அக்காவும், சிரித்துக்கொண்டே ஓடிவந்த ஃபெரி ஆட்களும் சேர்ந்து தள்ளினோம். கரை ஏறியதும் அண்ணே கண்ணாடியை இறக்கி எல்லாருக்கும் கையாட்டினார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

அதிலிருந்து ஸ்டோர் காலண்டரில் மாதம் இரண்டு நாள், சில மாதம் நாலு நாள், சிவப்பு மையில் வட்டம் போட ஆரம்பித்தார். முதல் நாளே சொல்லிவிடுவார். "நாளைக்கு அமாவாச தங்கச்சி, லேட்டாத்தான் கெளம்பணும்." அதாவது தண்ணீர் ஏறட்டும், தளம் சமமாகட்டும்.

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். நாளைக்கு அமாவாசை, காதர் அண்ணே லேட்டாகத்தான் காரை எடுப்பார் என்று. அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தியா! பாய் வீட்டு ஆளு, அவரே அமாவாச பாத்துதான் காடிய எடுக்குறாரு. நீயும் இருக்கியே, குளிக்கச் சொன்னாக்கூட மூஞ்சத் தூக்குற."

நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சோம்பல். மறுநாள் காலை அம்மா விரதத்துக்குச் சுட்ட வடையில் ஆறு, வாழையிலையில் கட்டி, "பக்தியுள்ள மனுசன், குடு" என்று என் கையில் திணித்தாள். காதர் அண்ணே கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே நாலு வடையைத் தின்றார். "அம்மாகிட்ட உண்மையச் சொல்லிராத. வடை நின்னுரும்லா." அப்படியே பல வருஷம் ஓடியது.

ஆபீசிலும் இதே கூத்துதான். எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது, இங்கிலீஷில் கடல், தளம், கிளட்ச் எல்லாம் சொல்ல எனக்கு நாக்குப் புரளவில்லை. "அமாவாசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அவர் அதை ஏதோ இந்தியர்களின் பெரிய சாமி விஷயம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்த மாதங்களில் நாங்கள் தாமதமாக நுழையும்போதெல்லாம், மறுபடியுமா என்று மலாயில் கேட்பார். "அமாவாசை லாகி?" திட்டவே மாட்டார். ஒருமுறை தொழிற்சாலைக்குப் புது மெஷின் வருவதாக இருந்தது. மிஸ்டர் லிம் மெனக்கெட்டு ஸ்டோருக்கே வந்து, அந்தத் தேதி அமாவாசை இல்லையே என்று அண்ணேயிடம் கேட்டார். அண்ணே காலண்டரைப் புரட்டி, நெற்றியைச் சுருக்கி, "ஓகே, அன்னைக்கு நல்லா இருக்கு" என்றார். ஐந்து வேளை தொழுகிற மனுஷர். எப்படித்தான் சிரிக்காமல் சொன்னாரோ.

அம்மாவுக்கு உண்மை தெரிந்தது ஒரு பௌர்ணமி அன்று. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம், காலை முகூர்த்தம், அம்மாவும் காரில் வந்தாள். தளத்தில் கார் வழக்கம்போல் இருமி நின்றது. பட்டுச்சேலையோடு அம்மா இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு மேடு ஏறி நடந்தாள். மேலே போய் நின்று கீழே பார்த்தாள். தாழ்ந்து கிடந்த ஃபெரி, வற்றிய தண்ணீர், தள்ளுகிற ஆட்கள், என் முகம். எல்லாம் விளங்கிவிட்டது. முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அடுத்த அமாவாசைக்கு வடை வராது என்றுதான் நினைத்தேன். வந்தது, எட்டாக வந்தது. கேட்டதற்கு, "நான் என்ன காடிக்கா வடை சுட்டேன்? அந்தப் புள்ளைக்குத்தான சுட்டேன்" என்றாள்.

அப்புறம் தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது. மீனாட்சி அக்கா மகனோடு ஜொகூருக்குப் போனாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். எனக்குக் கல்யாணமாகி, கடலுக்கு அந்தப் பக்கமே செபராங் ஜெயாவில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்து, ஆட்டோ கியர் கார் வாங்கி, தினமும் பாலத்தில் போய் வருகிற பெரிய மனுஷியாகிவிட்டேன். காதர் அண்ணேக்கு ஹரி ராயா பெருநாளுக்கு ஒரு போன், தீபாவளிக்கு அவரிடமிருந்து ஒரு போன். பிறகு அதுவும் வாட்ஸ்ஆப் படமாகச் சுருங்கிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

சூலியா தெருவில் காரைப் பார்த்த மறுநாள் சாயங்காலம் ஆயர் ஈத்தாமில் மகளோடு அவர் இருக்கும் ஃபிளாட்டுக்குப் போனேன். முட்டியில் ஆபரேஷன், ஒரு கண்ணில் பார்வை மங்கல், கையில் கம்பு. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா?"

டாக்டர் கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஃபிளாட்டுக்கு ஒரே ஒரு பார்க்கிங், அது மகளுக்கு வேண்டும். அதனால் பழைய சிநேகிதர் கடை வாசலில் காரை நிறுத்திவைத்திருக்கிறார். கேட்டு வந்தது ஒரே ஆள், ஆர்மீனியன் தெருப் பக்கம் புதிதாக கஃபே திறக்கிறவர்.

"எஞ்சின வெளிய எடுத்துட்டு அதுல பூச்செடி வைப்பாங்களாம். பின் சீட்டுல ரெண்டு பேரு உக்காந்து கேக் திம்பாங்களாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் கம்பின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "திங்கக்கெழம வந்து தூக்கிக்கிறேன்னான். அதுக்குள்ள ஓட்டுறவங்க யாராச்சும் வந்தா குடுத்துரலாம்னு பாக்குறேன். தெனமும் ஓட்டணும். நிறுத்தி வச்சா அது செத்துரும்."

"நான் ஓட்டுறேன்ணே" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். "தெனமும் ஓட்டுறேன். வேலைக்கு அதுலதான் போவேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "உனக்கு வேல எங்க இப்ப?"

"செபராங் ஜெயா."

"எப்படிப் போவ?"

"எப்படியா? நம்ம போன மாதிரியேதான். ஃபெரியில போட்டு, பானெட்டத் தொறந்து வச்சு..."

அண்ணே என்னைப் பார்த்தார். சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மகளின் கையும் நின்றது.

"எந்த ஃபெரி, தங்கச்சி?"

எனக்குத் தெரியாமலா? ஃபெரியில் கார் ஏற்றுவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிறது. அந்தப் பெரிய ஃபெரிகளே இப்போது இல்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும் போகிற சின்னப் படகுகள்தான் ஓடுகின்றன. பத்திரிகையில் படித்தேன், போனில் வந்த கடைசி நாள் படங்களுக்குக் கீழே கண்ணீர் விடுகிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாகப் போட்டேன். அத்தனையும் தெரிந்தே, இந்தக் காரைப் பார்த்ததிலிருந்து மனசுக்குள் அதை ஃபெரியில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான். அந்த வீட்டுத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அண்ணேதான் என்னைக் காப்பாற்றினார். "சரி, பாலத்துல ஒரு தடவ ஏத்திப் பாப்போமே. நம்ம அதுகிட்ட கேட்டதே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் ஓட்ட, அண்ணே பக்கத்தில், கம்பு இரண்டு சீட்டுக்கும் நடுவில். என் வீட்டுக்காரர் எங்கள் காரில் பின்னால். "கயிறு எடுத்துக்கவா?" என்று கேட்டார், கிண்டலாகத்தான். ஆனால் எடுத்துக்கொண்டார். சாம்பல் டப்பாவில் ஏலக்காய் இருந்தது. இத்தனை வருஷமும் யாருக்காகப் போட்டு வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஓட்டுவதற்கு என்ன சுகம் தெரியுமா! கையில் கனம், காலில் கனம், கதவுக் கண்ணாடி வழியாகக் காற்று, கியர் விழும்போது உள்ளங்கையில் ஒரு சின்ன இடி. பாலத்தின் தாழ்ந்த பகுதி முழுக்க அது சமர்த்தாக ஓடியது. நான் மனசுக்குள் வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் பாலம் மேலே எழும்புகிறது பாருங்கள், அந்த மேடு தொடங்கியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. கார் இருமியது. எனக்கு அந்த இருமல் தெரியும்.

ஓரமாக ஒதுக்கினேன். அவ்வளவுதான், பானெட்டின் இடுக்கில் ஆவி. லாரிகள் போகப் போகப் பாலம் காலடியில் நடுங்கியது. அண்ணே கம்பை ஊன்றி இறங்கினார், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பழைய வழக்கம், பானெட்டைத் திறந்து வைத்தார். பிறகு கைப்பிடிச் சுவர் ஓரம் போய்க் கடலை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நல்லா ஏறியிருக்கு. இந்நேரம் தளம் சமமாத்தான் கெடக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாலத்துக்கு எல்லா நாளும் அமாவாசதான் தங்கச்சி."

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரி, பாலத்து நடுவில், லாரிக்காரர்களெல்லாம் பார்க்க. அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. எஞ்சினை மாற்றிப் புது எஞ்சின் போடலாம் என்றார் பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர். அவருக்கும் மனசு கேட்கவில்லை போல. "போடலாம். அப்புறம் அது வேற காடிலா" என்றார் அண்ணே. பாலத்து ரோந்து ஆட்கள் லாரி கொண்டுவந்து காரை முதுகில் ஏற்றினார்கள். அவர்களில் ஒரு மலாய்க்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, நல்ல கார், விற்றுவிடாதீர்கள் அங்கிள் என்றார். அண்ணே தலையாட்டினார். அந்தக் கார் அந்த மேட்டைத் தாண்டியது அந்த ஒரு தடவைதான், லாரி மேல் உட்கார்ந்துகொண்டு.

திங்கட்கிழமை கஃபேக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். நான் போகவில்லை. ஆபீசில் இருந்தேன். இருந்தேன் என்று பேர், அன்று டைப் செய்ததையெல்லாம் மறுநாள் திருப்பிச் செய்தேன். பிறகு ஒரு நாள் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. நன்றாகக் கழுவி மினுக்கி, நசுங்கலை எடுத்திருந்தார்கள். உள்ளே போய் மோந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். காபி வாசனைதான் வரும். போகவில்லை.

இன்றைக்கு அமாவாசை. காலை ஏழரை மணிக்குப் பாலத்தில் என் ஆட்டோ கியர் காரில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியெல்லாம் மூடி, ஏர்கோன் போட்டு, உள்ளே ஒரு வாசனையும் இல்லாமல். போன் அடித்தது, காரின் ஸ்பீக்கரில் காதர் அண்ணே.

"தங்கச்சி, பாலத்துலயா இருக்க? தண்ணி எறங்கிருச்சா?"

கரையோரம் பார்த்தேன். சேறு தெரிந்தது, கொக்குகள் நின்றன.

"நல்லா எறங்கிருச்சுண்ணே."

"அப்ப லேட்டாத்தான் போகணும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. மேட்டை என் கார் தானாகவே ஏறி இறங்கியது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஏன் லேட்டு என்று கேட்க யாரும் இல்லை.